இடம் இருந்தால்

டிக்கெட் என்று இதைச் சொல்லக்கூடாது.
வரி மட்டும் கட்டினேன், ஒரு நல்ல குடை வாங்குகிற காசு.
மற்றதைக் கம்பெனி தரும்,
இடம் இருந்தால்.

இந்த இரண்டு சொல்லை நம்பி
குரோனிங்கனில் என் தம்பி காசிமிர்
நாளை மதியம் இரண்டு மணிக்குக் கல்யாணம் வைத்திருக்கிறான்.
நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.
எதற்கும் இன்னொரு சாட்சியைக் காத்திருக்கச் சொல் என்று எழுதினேன்.
சிரித்தான். பிறகு யோசித்தான்.
மாடிவீட்டு மீன் வியாபாரி ஒருவர்
கோட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறாராம்.

டெட்ராய்ட். அக்டோபர் மழை.
நாற்பத்தாறாம் வாசலின் திரையில்
என் பெயரை நறுக்கிப் போட்டிருக்கிறார்கள்:
வோய்சிக் டெல்ஃபின், வோய்/டெ.
நேற்றிரவு நான் ஏழாவது, காலியிடம் ஐந்து.
இன்று மதியம் நான்காவது, காலியிடம் மூன்று.
பதினோரு வருடம் பெட்டி தூக்கிய முதுகு இது;
ஆனால் வரிசை, சேர்ந்த தேதியைத்தான் பார்க்கும்.
எழுபத்தொன்பதில் சேர்ந்து ஓய்வும் பெற்றுவிட்ட விமானி ஒருவர்
மனைவியோடு, ஐஸ்கிரீம் நக்கியபடி,
மதிய விமானத்துக்குச் சாவகாசமாக வந்து
என் பெயருக்கு மேலே இரண்டு வரியாக உட்கார்ந்தார்.
கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்.
நானும் ஒருநாள் கிழவியாகி
யார் தலைமேலாவது இப்படி உட்காருவேன்.

கிழிந்த ஜீன்ஸ் கூடாது.
மேசைக்குப் போய் நச்சரிக்கக் கூடாது.
சாப்பாடு என்னவென்று கேட்டால்
மிச்சம் எதுவோ அது.
இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.
புத்தகத்தில் இல்லாத ஒன்றும் உண்டு:
யாராவது ஒருவர் வராமல் போக வேண்டும்.

மாலை ஆறு மணி விமானம்.
ஏறுகிறவர்களை எண்ணிக்கொண்டே வேண்டிக்கொள்கிறேன்.
யாருக்கும் பெரிதாக எதுவும் வேண்டாம்.
நெடுஞ்சாலையில் ஒரு பஞ்சர்.
சமையலறை மேசையிலேயே தங்கிவிட்ட ஒரு பாஸ்போர்ட்.
சிக்காகோ விமானம் நாற்பதே நிமிடம் தாமதம்.
தலைக்கணக்கில் ஒன்று குறைந்தால் போதும், ஆண்டவரே,
தலைக்கு ஒன்றும் ஆக வேண்டாம்.

"பயணி அபெர்நாத்தி."
"பயணி அபெர்நாத்தி, கடைசி அழைப்பு."
வாசலில் நிற்கும் ரோவீனா என் பக்கம் திரும்பவே மாட்டாள்.
அவளும் நானும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள்;
திரும்பிப் பார்த்தால் அது வாக்குக் கொடுத்த மாதிரி.
மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டு
அச்சு இயந்திரத்தைப் பார்த்தபடி சொன்னாள்:
"வோய்சிக். முப்பத்துநான்கு பி. ஓடு."

உட்கார்ந்தாலும் உன் இடம் ஆகிவிடாது.
கதவு மூடும்வரை யாரும் வந்து எழுப்பலாம்.
இருக்கை எண்களைப் பார்த்துக்கொண்டே
சீருடை ஒன்று நடைபாதையில் வந்தது.
முப்பது. முப்பத்திரண்டு.
பெல்ட்டின் கொக்கியைப் பிடித்துக்கொண்டேன்,
அது என்னைக் காப்பாற்றும் என்பதுபோல.
அவர் போனது கழிவறைக்கு.

கதவு மூடிய சத்தம்.
பிறகும் நகரவில்லை.
ஜன்னலோரப் பையன் தூங்க, அவன் மேல் குனிந்து பார்த்தேன்:
கீழே, மஞ்சள் மழைக்கோட்டில், ஓடிஸ்.
என் இடத்தில் இன்று அவன்.
வயிற்றறையைத் திறந்து தேடுகிறான்.
ஆள் ஏறாவிட்டால் பெட்டியும் பறக்கக்கூடாது.
நூறு முறை இதைச் செய்திருக்கிறேன்,
குளிரையும் நேரத்தையும் திட்டிக்கொண்டு,
யாருடையது என்று ஒருமுறையும் கேட்காமல்.

பச்சைப் பெட்டி.
கைப்பிடியில் அடையாளத்துக்கு ஒரு குழந்தையின் காலுறை கட்டியிருந்தது.
ஈரத் தரையில் அதை நிமிர்த்தி வைத்தான்.
இருபத்துமூன்று கிலோ இறங்கியது.
என் எழுபது ஏறியிருக்கிறது.

அந்த ஆள் இப்போது
நாற்பத்தாறாம் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு
ரோவீனாவிடம் கத்திக்கொண்டிருக்கலாம்.
அல்லது இன்னும் நெடுஞ்சாலையில்,
நான் வேண்டிக்கொண்ட அந்தப் பஞ்சரோடு.

தம்பிக்கு எழுதினேன்: ஏறிவிட்டேன்.
அனுப்புவதற்கு முன் இன்னொரு வரி சேர்த்தேன்:
மீன்காரரை இப்போதே விட்டுவிடாதே.
நான் ரயிலையும் பிடிக்க வேண்டும்.